கழுத்தோரம் இரண்டு புள்ளி

"இன்ஜின் சூடா இருக்கு."

அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். வணக்கம் இல்லை, சிரிப்பு இல்லை. வாசலில் நின்ற வண்டியின் மேலிருந்து புறங்கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

அவன் கைகட்டி நின்றான். டைல்ஸ் போடுகிறவன். விரல் நுனியெல்லாம் சிமெண்ட் தின்ற வெடிப்பு. பேண்ட்டின் இரண்டு முட்டிகளும் வெளுத்து நூலாகியிருந்தன. கண்கள் மட்டும்... அந்த முரட்டு உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல், இப்போதுதான் தூங்கி எழுந்த பிள்ளையின் கண்கள் மாதிரி இருந்தன.

"சூடா இருந்தா என்னங்க?"

"பாக்க வர்றோம்னு நேத்தே சொல்லியாச்சு. ஸ்டார்ட் பண்ணாம வெச்சிருங்கன்னும் சொல்லியாச்சு. ஆறிக் கிடக்கிற இன்ஜின்தான் உண்மை பேசும். ஆள் வர்றதுக்கு முன்னாடி சூடாக்கி வெக்கிறது எதுக்குன்னு எனக்குத் தெரியும்."

"எதுக்கு?"

"மறைக்கத்தான்."

"என் மூஞ்சியப் பாத்தா மறைக்கிறவன் மாதிரியா இருக்கு?"

"மூஞ்சிக்கெல்லாம் நான் சர்டிபிகேட் குடுக்கறதில்லைங்க. வண்டிக்கு மட்டும்தான்."

பக்கத்தில் நின்ற மெத்தைக்கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். வண்டி வாங்க வந்தவர் அவர்தான். நாற்பது தாண்டி, மகளுக்கே ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்த பிறகு, திடீரென்று அறுநூறு சிசி வண்டி மேல் ஆசை வந்துவிட்டது அவருக்கு. பழைய வண்டி வாங்குகிறவர்கள் அவளைக் கூட்டிப் போவது வழக்கம். வாரம் முழுக்க அப்பாவின் வெல்டிங் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்கிற வேலை. ஒரு டார்ச், கைக்கண்ணாடி ஒன்று, நீள ஸ்க்ரூடிரைவர் ஒன்று. ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்பாள்.

அவன் முகம் சிவந்திருந்தது. பதில் சொல்ல வாயெடுத்து, உள்ளே சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டான்.

அவள் வேலையைத் தொடங்கினாள்.

பன்னிரண்டு வருடத்து வண்டி. நாலு சிலிண்டர். டயரின் பக்கவாட்டில் இருந்த நாலு இலக்கத்தைப் படித்தாள். டயருக்கு ஆறு வயது. செயினைப் பின்னால் பிடித்து இழுத்தாள், பல்சக்கரத்தை விட்டு விலகி வந்தது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் எண்ணெய் வளையம். எண்ணெயைத் தடுக்கிற சீல் போயிருக்கிறது. இடப்பக்கம் முழுக்க நீளமாய்க் கீறல், ஹேண்டில் முனை பாதி தேய்ந்திருந்தது. விழுந்து தேய்ந்துகொண்டே போன வண்டி. ஆனால் இன்ஜின்... ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தபோது அவளுக்கே புன்னகை வந்தது. தையல் மெஷின் மாதிரி ஓடியது.

"இன்ஜின் சுத்தம்," என்றாள், கொஞ்சம் வேண்டாவெறுப்பாக.

"அப்போ மறைக்கல?" என்றான் அவன்.

"அத இன்னும் சொல்லலையே."

அப்புறம் அவள் கைக்கண்ணாடியை எடுத்து ஹேண்டிலுக்கு அடியில், வண்டியின் கழுத்தில் நீட்டினாள். எந்த வண்டியானாலும் அவள் கடைசியாகப் பார்ப்பது அந்த இடம்தான். ஹேண்டில் ஓரளவுக்கு மேல் திரும்பாமல் தடுக்க பிரேமில் ஒரு சின்ன முட்டு இருக்கும். பலமாக அடிபட்ட வண்டியில் அது நசுங்கியிருக்கும், இல்லை ஒட்டவைத்திருக்கும். கழுத்தில் வெல்டிங் இருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதே... இது அவள் எல்லோரிடமும் சொல்கிற சட்டம். அலுமினிய பிரேம். சூடு பட்ட இடத்தைச் சுற்றி இளகிப்போகும்.

முட்டு ஒட்டியிருந்தது. மிக அழகாக ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே, கடுகளவு இடைவெளியில், உளியால் தட்டிய இரண்டு புள்ளிகள்.

கண்ணாடியை இன்னும் அருகே கொண்டுபோனாள்.

அது அவர்கள் பட்டறையின் பழக்கம். ஒட்டிய வேலை திரும்பி வந்தால் யார் ஒட்டியது என்று சண்டை வரக்கூடாது. அப்பா ஒட்டினால் ஒரு புள்ளி. அவள் ஒட்டினால் இரண்டு.

"இந்த வண்டிய... யார் ஓட்டினது?"

"என் தம்பி."

"அவர் எங்க?"

"இல்ல."

வெளியே போயிருக்கிற ஆளைப் பற்றி யாரும் அப்படி 'இல்ல' என்று சொல்வதில்லை.

அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஓயாமல் பேசுகிற ஒரு பையன். இரண்டு வருடத்துக்கு முன்னால், கடை மூடுகிற நேரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். எங்கோ சுவரில் முட்டியிருக்கிறான். "அக்கா, அம்மாவுக்குத் தெரிஞ்சா வண்டிய வித்துருவாங்கக்கா. தெரியாத மாதிரி பண்ணிக் குடுங்கக்கா." அந்த முட்டுத் துண்டை ஒட்டினாள். அப்போது அதற்கு மேலே பெயிண்ட்டில் முடி மாதிரி ஒரு கோடு பார்த்தாள். "இது விரிசலா இருக்கலாம். பிரேமை முழுசா கழட்டிப் பாக்கணும்," என்றாள். "அப்புறம் பாத்துக்கலாம்க்கா," என்றான். அவளும் சரி என்றுவிட்டாள். விட்டதோடு நிற்கவில்லை. அவன் கெஞ்சினானே என்று, அந்தக் கோட்டின் மேலேயே பெயிண்ட் அடித்து, தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தாள். தன் கைத்திறனைப் பார்த்துத் தானே சந்தோஷப்பட்டாள்.

"எப்படி..." என்று கேட்டாள்.

"வளைவுல. பின்னால வந்த லாரிக்காரர் சொன்னார், ஹேண்டில் தலையாட்டுச்சாம். அப்புறம் நேரா போயிடுச்சாம். வண்டிக்கு இந்தக் கீறல்தான். அவனுக்குத்தான்..."

அவள் எழுந்தாள். மெத்தைக்கடைக்காரரைப் பார்த்து, "வேண்டாம். வாங்க போலாம்," என்றாள்.

"ஏம்மா, இன்ஜின் சுத்தம்னியே."

"வேண்டாம்னா வேண்டாம்."

முதுகில் அவன் பார்வை குத்துவது தெரிந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

நாலாம் நாள் மழை. பட்டறைத் தகரத்தில் கூழாங்கல் கொட்டுவது போலச் சத்தம். அவள் முகமூடியை உயர்த்தியபோது வாசலில் அவன் நின்றான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். இமை மயிரில் ஒரு துளி நின்று, விழவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"யாருடா பாப்பா அது? குடைன்னு ஒண்ணு இருக்கிறது தெரியாதா அவருக்கு?" என்றார் அப்பா, உள்ளேயிருந்து.

"சண்டை போட வந்திருக்கார்பா."

"போடட்டும். மொதல்ல தலையத் துவட்டச் சொல்லு."

அவன் துண்டை வாங்கவில்லை. "ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேங்க. அன்னிக்கு இன்ஜின் ஏன் சூடுன்னு கேட்டீங்கல்ல. தெனமும் காலைல அஞ்சரைக்கு அதை ஸ்டார்ட் பண்ணுவேன். பத்து நிமிஷம். என் தம்பி பால் கம்பெனில முதல் ஷிப்ட். அவன் கிளம்பற சத்தம் கேட்டுத்தான் எங்கம்மா எழுந்திருப்பாங்க. அவன் போனப்புறம் படுத்த இடத்தவிட்டு எழுந்திருக்கல. ஒருநாள் பேட்டரி செத்துடக் கூடாதேன்னு ஸ்டார்ட் பண்ணேன்... எழுந்து வந்து அடுப்பப் பத்த வெச்சாங்க. அதுலேர்ந்து ஒருநாளும் விடல. அன்னிக்கு நீங்க வர்றீங்கன்னு தெரியும். அதுக்காக அம்மாவ எப்படிங்க படுக்கையிலயே விடறது?"

அவள் முகமூடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். "அப்புறம் ஏன் விக்கறீங்க?"

"அம்மாதான் சொன்னாங்க. 'வித்துடு. என் காது பழகட்டும். ஆனா ஓடற வண்டியா போகணும். உடைக்கறவன்கிட்ட குடுத்துடாத.'" அவன் முகத்தை வழித்துக்கொண்டான். "என்ன குறைன்னு சொல்லுங்க. குறையோட அடுத்தவன் தலையில கட்ற ஆள் நான் இல்ல. சரி பண்ணிட்டுத்தான் குடுப்பேன்."

இப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்தக் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன... அந்தத் துளி கடைசியில் விழுந்தேவிட்டது.

"ஃபோர்க் சீல் போயிருக்கு. செயின், டயர்... ஞாயித்துக்கிழமை நானே வந்து கழட்டிப் பாக்கறேன்," என்றாள்.

கழற்றினால் விரிசல் வளர்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். தெரிந்துகொள்ளாமல் அவளால் தூங்க முடியாது. அதற்காகத்தான் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாதி பொய்.

முதல் ஞாயிறு டாங்க்கையும் ஃபோர்க்கையும் இறக்கினார்கள்; காலை அஞ்சரைச் சத்தத்துக்காக டாங்க்கை மட்டும் அன்று மாலையே திரும்ப மாட்டிவிட வேண்டும். அவன் டீ போட்டு வரப் போன நேரத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி டார்ச் அடித்தாள். அவள் ஒட்டியது அப்படியே இருந்தது. ஆனால் அதற்கு மேலே, அந்த முடிக்கோடு... இப்போது நகம் நுழையும் அளவுக்கு, ஒரு விரல் நீளத்துக்கு. விழுந்ததில் வந்ததா, விழுவதற்கு முன்பே இருந்ததா? உலோகம் தேதி சொல்லாது. அவள் கிரீஸைத் தடவி மூடினாள். இரண்டாவது முறையாக.

அடுத்த வாரம் சொல்லிவிடலாம்...

அடுத்த வாரம் வந்தது. அவன் ஸ்பேனரை மாற்றி மாற்றி எடுத்துக் கொடுத்தான்.

"பதினாலு கேட்டேன். இது பன்னெண்டு."

"ரெண்டுதானே வித்தியாசம்."

"தரையில ரெண்டு மில்லி ஏறியிருந்தா விடுவீங்களா?"

"ஒடச்சு மறுபடி போடுவேன்."

"அப்போ பதினாலு குடுங்க."

சிரித்தான். சிரிக்கும்போது கண்ணோரம் மூன்று கோடு விழும் என்பதை அவள் கவனித்துவிட்டாள். கவனித்ததை அவன் கவனித்துவிட்டான். அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வண்டியை மட்டுமே பார்த்தார்கள்.

மூன்றாம் ஞாயிறு அவன் அம்மா வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். அதிகம் பேசாத பெண்மணி. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாப்பா, கையெல்லாம் தீக்காயமா இருக்கே. மருந்து போடறதில்லையா?" என்று மட்டும் கேட்டார். அவளுக்கு அந்த இடத்திலேயே மண்ணில் புதைந்துவிடலாம் போலிருந்தது.

அன்றைக்கு அவன் பிரேமைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். டைல்ஸ் போடுகிறவனின் விரல். முடியளவு மேடு பள்ளத்தையும் தடவியே சொல்லிவிடும். கழுத்தோரம் வந்ததும் விரல் நின்றது.

"இது என்ன, ரெண்டு புள்ளி?"

"கம்பெனி மார்க்," என்றாள்.

சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கலாம். அவன், "ஓ," என்றுவிட்டுத் துடைத்துக்கொண்டே போனான். அவள் சொன்னதை அப்படியே நம்பினான். அதுதான் வலித்தது.

நாலாம் ஞாயிறு அவள் போனபோது வாசலில் மெத்தைக்கடைக்காரர் நின்றார். புது ஹெல்மெட், புது ஜாக்கெட், இடுப்பில் பொத்தான் போடமுடியாமல் திறந்து கிடந்தது.

"வாம்மா. நீ பழுது பாத்துக் குடுத்த வண்டிக்கு இனிமே என்ன குறை? வேண்டாம்னு சொன்ன நீயே நாலு வாரமா இங்கதான் கிடக்கறேன்னு கேள்விப்பட்டேன். இதுக்கு மேல என்ன சர்டிபிகேட் வேணும்? ஒரு ரவுண்டு போயிட்டு வந்து முடிச்சுடறேன்."

அவன் சாவியைக் கொடுத்துவிட்டிருந்தான். அம்மா படிக்கட்டில் நின்றார். வண்டி உயிர்பெற்றது. அந்த அம்மாவின் முகத்தில்... இத்தனை வாரத்தில் அவள் பார்க்காத ஒரு வெளிச்சம். ஓடற வண்டியா போகுது.

மெத்தைக்கடைக்காரர் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். மகளுக்கு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்த மனிதர்.

அவள் கை தானாகப் போய் சாவியைத் திருப்பியது. சத்தம் நின்றது. சாவியை உருவிக்கொண்டாள்.

"ஓட்டாதீங்கண்ணே. கழுத்துல விரிசல் இருக்கு."

"இருந்தா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும். சொல்லல." அவள் அவன் பக்கம் திரும்பினாள். கண்களைப் பார்க்காமல் அவனுடைய வெளுத்த முட்டிகளைப் பார்த்துப் பேசினாள். "அந்த ரெண்டு புள்ளி கம்பெனி மார்க் இல்லங்க. அது என்னோடது. ரெண்டு வருஷம் முன்னாடி உங்க தம்பி என்கிட்டதான் வந்தார். நான்தான் ஒட்டினேன். விரிசல் மாதிரி ஒரு கோடு அப்பவே பாத்தேன். அது மேல நானே பெயிண்ட் அடிச்சேன். யார் பாத்தாலும் தெரியாத மாதிரி."

மெத்தைக்கடைக்காரர் மெதுவாக இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். பிறகு, "நான் வரேன்," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு நடந்தார்.

அவன் வண்டியிடம் போனான். குனிந்து விரலால் தடவினான். ஒன்று... இரண்டு.

"அதனாலதான் ஆடுச்சா?"

"தெரியலைங்க. டயர் பழசு, ஃபோர்க் எண்ணெய் இல்ல... அதனாலயும் ஆடும். இதனாலயும் ஆடும். சத்தியமா தெரியல. தெரிஞ்சுக்கவும் முடியாது."

"நாலு வாரமா பக்கத்துல உக்காந்து டீ குடிச்சீங்க."

"ஆமா."

"கம்பெனி மார்க்குன்னீங்க."

"ஆமா."

அவன் திரும்பிக்கொண்டான். தோள்கள் மட்டும் அசைந்தன.

அம்மாதான் இறங்கி வந்தார். அடிக்கப் போகிறார் என்று அவள் நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

"உன்கிட்ட வந்தப்போ அவன் என்ன சொன்னான்?"

"அம்மா..."

"என்ன சொன்னான்னு கேக்கறேன்."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா வித்துருவாங்கக்கா, தெரியாத மாதிரி பண்ணிக் குடுங்கக்கான்னு... வேலை முடியற வரைக்கும் பேசிட்டே இருந்தார். டீ வாங்கிக் குடுத்தேன், சர்க்கரை பத்தலைன்னு ரெண்டாவது வாட்டி போட வெச்சார்."

"சர்க்கரை." அம்மா தலையாட்டினார். "வித்திருப்பேன்தான். அவன் சொன்னது சரி. ரெண்டு அறையும் குடுத்திருப்பேன்." உதடு கோணியது. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாமல் அப்படியே உள்ளே போனார்.

மூன்று வாரம் அவனிடமிருந்து ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை யார் கூப்பிட்டாலும் அவள் வண்டி பார்க்கப் போகவில்லை. விஷயம் தெரிந்தபோது அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "நல்லா ஒட்டத்தான் சொல்லிக் குடுத்தேன். மறைக்க நீயா கத்துக்கிட்ட." அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நாலாம் வாரம், தூறல் விழுகிற ஒரு காலை, சுமை ஆட்டோ ஒன்று பட்டறை வாசலில் நின்றது. அவன் இறங்கினான். வெறும் பிரேமை மட்டும் தூக்கி வந்து தரையில் வைத்தான். இளைத்திருந்தான்.

"இன்ஜின நல்ல இடத்துல குடுத்துட்டேன். வேற ஒரு வண்டிக்கு வெக்கிறாங்க. ஓடும். அம்மா சரின்னாங்க." மூச்சு வாங்கினான். "இதை யாரும் மறுபடி ஒட்டி ஓட்டிடக் கூடாது. கழுத்துல அறுத்துக் குடுங்க. உங்க கையாலயே."

அவள் அறுக்கும் மெஷினை எடுத்தாள். பிடிக்க ஆளில்லாமல் கிடந்த பிரேமில் அறுக்கும் வட்டு பட்டுத் துள்ளியது. அவன் வந்து எதிர்ப்பக்கம் மண்டியிட்டு, பிரேமை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். பொறி பறக்காத உலோகம் அது. வெறும் சத்தமும் சாம்பல் நிறத் தூளும். துண்டு விழுந்ததும் மெஷினை நிறுத்தினாள். தூறல் சத்தம் மறுபடி கேட்டது.

"காலைல அம்மா எப்படி எழுந்திருக்காங்க?"

"அலாரம் வெக்கறேன்னேன். வேண்டாம்னுட்டாங்க. முழிச்சுகிட்டுச் சும்மா உக்காந்திருக்காங்க. ரொம்ப நேரம். அப்புறம்... எழுந்திருக்காங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒண்ணு சொல்லணும்," என்றான் அவன். "எனக்கு உங்க மேல கோவம் இருக்கு. போகுமான்னு தெரியல. ஆனா ஞாயித்துக்கிழமை ஆனா கேட்டையே பாத்துட்டு உக்காந்திருக்கேன். மூணு வாரமா அதான் பொழப்பு. பிடிச்சிருக்குங்க உங்கள. ரெண்டும் சேந்தேதான் இருக்கு. பிரிக்கத் தெரியல எனக்கு."

அவள் வட்டின் மேலிருந்த தூளை ஊதினாள். சொல்ல வேண்டிய பதில் முதல் நாளே அவளுக்குத் தெரியும். சொல்ல உரிமை இருக்கிறதா என்றுதான் தெரியவில்லை.

"அன்னிக்கு மூஞ்சிக்கு சர்டிபிகேட் குடுக்கறதில்லைன்னு சொன்னேன்ல... பொய்ங்க. பாத்த உடனே குடுத்துட்டேன்." மெஷினைத் தரையில் வைத்தாள். "அதனாலதான் சொல்ல முடியாம போச்சு. மன்னிப்பெல்லாம் நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தரையில் கிடந்த துண்டைக் காட்டினான். இரண்டு புள்ளியும் அதில்தான் இருந்தன.

"அம்மா அதை மட்டும் கேட்டாங்க. அவங்களுக்குத் தெரியாம அவன் பண்ணதுல, அது ஒண்ணுதான் மிச்சமாம். நீங்களே வந்து குடுக்கணுமாம்."

அவள் குனிந்து அதை எடுத்தாள். அவன் கையை நீட்டினான், வெடித்த விரல்களை விரித்து.

"சூடா இருக்கு," என்றாள் அவள்.

"இருக்கட்டும்," என்றான்.